நெகட்டிவ் யாரிடம் இருக்கிறது?

அப்பா தவறியது 2022 பிப்ரவரியில். காரியத்துக்கு முன்னால் சட்டம் போட்டு மாட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. எனக்கு ஒரே ஒரு படம்தான் மனசில் இருந்தது. 2017-இல் தங்கச்சி கல்யாணத்தில், பந்தி நடக்கிற இடத்தில், கையில் சாம்பார் வாளியோடு அப்பா யாரையோ பார்த்துச் சிரிக்கிற படம். பெண்ணைப் பெற்றவர் அன்றைக்கு மனசு விட்டுச் சிரித்தது அந்த ஒரு நிமிஷம்தான் என்று நினைக்கிறேன்.

அந்தப் படம் ஆல்பத்தில் இல்லை. எடுத்தது 2,800 சொச்சம் படங்கள். ஆல்பத்துக்கு 180 தேர்ந்தெடுக்கச் சொன்னார் போட்டோகிராபர். யாரை விட்டால் யார் கோவிச்சுக்குவாங்க என்ற கணக்கில்தான் தேர்ந்தெடுத்தோம். அப்பா கோவிச்சுக்க மாட்டார். அதனால் அவர் படங்கள்தான் முதலில் கழிந்தன. பரவாயில்லை, லிங்க்கில் எல்லாம் இருக்கிறதே என்று விட்டுவிட்டோம்.

மெயிலில் தேடி அந்த லிங்க்கை எடுத்து அமுக்கினேன். கோப்பு இல்லை என்று வந்தது. போட்டோகிராபருக்கு போன் போட்டேன். நல்ல பையன். விஷயம் கேட்டு வருத்தப்பட்டார். பிறகு சொன்னார்: "அண்ணா, ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சிருந்தேன். லாக்டவுன்ல வேலையே இல்ல. மாசா மாசம் ஸ்டோரேஜுக்குப் பணம் கட்ட முடியல. பழசையெல்லாம் எடுத்துட்டேன். நீங்க அப்பவே டவுன்லோடு பண்ணிருப்பீங்கன்னு நெனச்சேன்."

நாங்கள் பண்ணவில்லை. லிங்க் வந்ததுமே படம் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

சித்தப்பா பையன் எப்போதோ ஸ்டேட்டஸில் வைத்ததை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்த ஒரு பிரதி மட்டும் மிஞ்சியது. பிரேம் போடுகிறவரிடம் காட்டினேன். "பெருசாக்கினா உடைஞ்சிரும் சார்" என்றார். கடைசியில் சுவரில் ஏறியது, மேடையில் விறைப்பாக நிற்கிற வேறு ஒரு படம்.

இந்தக் கட்டுரைக்கான தேடல் அங்கேதான் தொடங்கியது. போட்டோ எடுத்துக் கொடுப்பது ஒரு தொழில். அதில் "எடுப்பது" பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். "கொடுப்பது" பற்றித் தேடினால் அதிகம் கிடைப்பதில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் படங்கள் ஐம்பது வருஷம் தாங்குமா, ஐந்து வருஷத்தில் போகுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தக் கொடுக்கிற முறைதான்.

பின்பக்கத்து எண்

அதே வருஷம் இன்னொன்று நடந்தது. அப்பா அம்மா கல்யாணப் படம் ஒன்று வீட்டில் உண்டு. 1981, கறுப்பு வெள்ளை, ஓரம் பழுத்திருக்கும். அதைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் கும்பகோணத்து ஸ்டூடியோ ஒன்றின் ஊதா நிற ரப்பர் ஸ்டாம்ப், பக்கத்தில் மையால் எழுதிய ஓர் எண். ஸ்டூடியோ இன்னும் இருக்கிறது. ஆரம்பித்தவரின் மகன்தான் நடத்துகிறார், அவருக்கே எழுபது இருக்கும். எண்ணைச் சொன்னேன். "உக்காருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு ஒரு நீள நோட்டை எடுத்தார். தேதி, பெயர், ஊர், எண். பிறகு மாடிக்குப் போனார். இருபது நிமிஷத்தில் ஒரு பழுப்புக் கவரோடு இறங்கி வந்தார். உள்ளே அந்த நெகட்டிவ். 41 வருஷம்!

சதுர நெகட்டிவ். 120 பிலிம், ஒரு ரோலுக்கு 12 படம். அந்தக் காலத்துக் கல்யாணத்துக்கு மூணு ரோல் போட்டாலே பெரிய விஷயம். பிலிம் ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த "இந்து"வாக இருக்கலாம் என்றார். முகர்ந்து பார்க்கச் சொன்னார். புளித்த காடி வாசனை. அசிடேட் பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் சிதைய ஆரம்பித்தால் அசிட்டிக் அமிலம் கசியும், அதனால் வருகிற வாசனை அது. இன்னும் கொஞ்ச வருஷம்தான் தாங்கும் என்று அர்த்தம்.

"ஏன் சார் இத்தனை வருஷம் வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். ஏதோ கலை, பாரம்பரியம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. "காப்பி கேட்டு வருவாங்கல்ல தம்பி. அதுலதான் காசு."

இதை முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போட்டோ விநியோகத்தின் வரலாற்றை வரிசையாகப் படிக்கப் படிக்கத்தான் அவர் ஒரே வரியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று புரிந்தது.

ஒரே பிரதியும் பல பிரதியும்

1839 ஆகஸ்டில் பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட தாகர் முறையில் நெகட்டிவே கிடையாது. வெள்ளி முலாம் பூசிய செம்புத் தகட்டில் படம் நேராக விழும். அந்தத் தகட்டை அப்படியே வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான். எடுத்தவரிடம் எதுவும் மிஞ்சாது. தகடு தொலைந்தால் படமும் போச்சு. கொடுப்பதும் வைத்திருப்பதும் ஒரே ஆள் கையில் முடிந்துவிட்ட காலம் அது.

இங்கிலாந்தில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1841-இல் காப்புரிமை வாங்கிய கலோடைப் முறைதான் இதை உடைத்தது. காகிதத்தில் ஒரு நெகட்டிவ், அதிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும். 1851-இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சரின் ஈரக் கொல்லோடியன் முறை வந்தபின் அந்த நெகட்டிவ் கண்ணாடிக்கு மாறியது. படம் துல்லியமானது. இதற்குப் பிறகு ஒவ்வொரு போட்டோவுக்கும் இரண்டு பொருள்கள். ஒன்று வாடிக்கையாளருக்குப் போகிற காகிதம். இன்னொன்று ஸ்டூடியோவில் தங்கிவிடுகிற கண்ணாடி.

இதைப் பெரிய வியாபாரமாக்கியவர் பாரிஸ்காரர் திஸ்தெரி. 1854-இல் அவர் காப்புரிமை எடுத்த "கார்த் த விசித்" என்பது விசிட்டிங் கார்டு அளவு படம், சுமார் இரண்டேகால் அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். ஒரே கண்ணாடியில் பல தடவை எடுத்து, மொத்தமாகப் பிரிண்ட் போட்டு, வெட்டி, அட்டையில் ஒட்டி டஜன் கணக்கில் விற்பார்கள். அந்த அட்டைகளின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டூடியோ பெயர், விலாசம், அதற்குக் கீழே நெகட்டிவ் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பிரதி வாங்கிக்கொள்ளலாம் என்கிற மாதிரி ஒரு வாசகம். லண்டனிலும் உண்டு, பம்பாயிலும் உண்டு. கும்பகோணத்து ரப்பர் ஸ்டாம்ப்புக்கும் எண்ணுக்கும் பாட்டன் முப்பாட்டன் அந்த அட்டைதான்.

அந்த வாசகத்தைச் சேவை என்று படிக்கலாம். விளம்பரம் என்றும் படிக்கலாம். காகிதப் பிரதி ஒவ்வொன்றிலும் லாபம் இருந்தது. வைத்துக்கொள்ள ஆகும் செலவோ, ஒரு பீரோவும் ஒரு நோட்டும்தான். மாச வாடகை கிடையாது. அதனால் வைத்திருந்தார்கள்.

லாபம் நின்றதும் என்ன ஆனது? அதற்கும் சாட்சி இருக்கிறது. கறுப்பு வெள்ளை நெகட்டிவின் கறுப்பு என்பதே வெள்ளித் துகள்தான். வெள்ளிக்காக நெகட்டிவையும் எக்ஸ்ரே பிலிமையும் எடைக்கு வாங்குகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. கண்ணாடித் தகடுகளைச் சுரண்டிக் கழுவி வெறும் கண்ணாடியாக விற்ற கதை பல நாடுகளில் உண்டு. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் மிஞ்சியதைக் காப்பாற்றப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியது. அப்படி ஒரு வேலைக்குத் தேவை வந்ததே, ஸ்டூடியோ பீரோக்கள் காலியாகிக்கொண்டிருந்ததால்தான். கும்பகோணத்துப் பெரியவர் விதிவிலக்கு. அவரிடம் மாடி இருந்தது, அவ்வளவுதான்.

நெகட்டிவும் கைக்கு வந்த காலம்

1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் கேமராவைக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். உள்ளே 100 படத்துக்கான பிலிம் போட்டே வரும். எடுத்து முடித்ததும் கேமராவையே பெட்டியில் வைத்து ராசெஸ்டர் ஊருக்கு அனுப்ப வேண்டும். 10 டாலர் கட்டினால் படங்களும், புது பிலிம் போட்ட கேமராவும் தபாலில் திரும்பி வரும். வாடிக்கையாளர் ஒரு இடத்தில், படம் கழுவுகிற ஆலை வேறு ஊரில். இன்றைய கிளவுட் முறையின் முதல் நிழல் இது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வித்தியாசம், அங்கே எல்லாம் திரும்பி வந்துவிடும்.

நம்ம ஊரில் இதை அனுபவித்தது கலர் லேப் காலத்தில். 1970-களின் கடைசியில் ஜப்பானிய மினிலேப் இயந்திரங்கள் வந்தன. கடைக்குள்ளேயே பிலிம் கழுவி ஒரு மணி நேரத்தில் பிரிண்ட் கொடுக்க முடிந்தது. 90-களில் நம்ம ஊர்க் கடைத்தெருக்களில் கலர் லேப் வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். 36 படம் போட்டுக் கொடுத்தால், மாலையில் ஒரு கவர். முன் பையில் பிரிண்ட், பின் பையில் நாலு நாலாக வெட்டிய நெகட்டிவ்.

கவனியுங்கள், நெகட்டிவ் முதன்முறையாக நம்ம கைக்கு வந்தது. நாம் என்ன செய்தோம்? பிரிண்ட்டை ஆல்பத்தில் சொருகினோம். நெகட்டிவ் கவர் டிராயருக்குப் போனது, அங்கிருந்து பரணுக்கு, வீடு மாறும்போது குப்பைக்கு. கிரகணம் பார்க்க நெகட்டிவைக் கண்ணுக்கு முன்னால் பிடித்த தலைமுறை நாம். கண்ணுக்கே ஆபத்து என்பது அப்போது தெரியாது. நெகட்டிவுக்கு அதைவிடப் பெரிய உபயோகம் இருப்பதும் தெரியாது.

கல்யாண ஸ்டூடியோக்கள் மட்டும் நெகட்டிவைத் தர மாட்டார்கள். கேட்டால் தனி விலை சொல்வார்கள். அப்போது எல்லோருக்கும் அது கஞ்சத்தனமாகத் தெரிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த நெகட்டிவைவிட ஸ்டூடியோவில் இருந்தது அதிக நாள் இருந்தது. கஞ்சத்தனமே காவல் காத்தது என்று சொல்லலாம்.

வட்டு

டிஜிட்டல் கேமராவின் தொடக்கம் கோடாக்கிலேயேதான். 1975-இல் ஸ்டீவன் சாஸன் என்ற பொறியாளர் செய்த மாதிரிக் கேமரா, 0.01 மெகாபிக்சல் படம் ஒன்றைக் கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. ஆனால் வாடிக்கையாளருக்கு டிஜிட்டலாகக் கொடுப்பது பற்றிக் கோடாக் யோசித்த முதல் பெரிய முயற்சி போட்டோ சிடி. 1990-இல் அறிவித்து 1992-இல் சந்தைக்கு வந்தது. பிலிமை லேப்பில் கொடுத்தால் ஸ்கேன் பண்ணி ஒரு வட்டில் சுமார் 100 படம் போட்டுத் தருவார்கள். கோடாக் தனக்கென வைத்திருந்த கோப்பு வடிவம் அது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கோடாக் அதைக் கைவிட்டது. இன்று அந்த வட்டு நன்றாகவே இருந்தாலும், அதில் இருப்பதைத் திறக்கத் தெரிந்த மென்பொருளைத் தேடிப் பிடிக்க வேண்டும். பொருள் கையில் இருக்கிறது, படிக்கத்தான் வழியில்லை. நெகட்டிவை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாலே போதுமே!

2000-க்குப் பிறகு நம்ம ஊர்க் கல்யாணங்கள் மெல்ல டிஜிட்டலுக்கு மாறின. ஆல்பத்தோடு சிடி தர ஆரம்பித்தார்கள், பிறகு டிவிடி. சிடி 700 எம்பி. ஒரு படம் 10 எம்பி என்று வைத்தால் 70 படம். டிவிடி 4.7 ஜிபி, 470 படம். கேமராவின் மெகாபிக்சல் ஏற ஏற வட்டுகள் போதவில்லை. "வரும்போது ஒரு பென்டிரைவ் கொண்டாங்க", பிறகு "ஒரு ஹார்டுடிஸ்க் கொண்டாங்க" என்று ஆனது. வீட்டில் எழுதும் சிடியின் சாயப் பூச்சு வருஷங்களில் மங்கும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். லேப்டாப்பில் சிடி டிரைவே இல்லாமல் போனது. எங்கள் வீட்டு பீரோவில் மாமா பெண் கல்யாண சிடி இருக்கிறது, மேலே பொன் எழுத்தில் பெயர், தேதி. போட்டுப் பார்க்க ஒரு பெட்டி இல்லை.

ஆனாலும் இந்தக் காலத்தில் ஒன்று நடந்தது. ஸ்டூடியோவிலும் ஒரு பிரதி, நம்மிடமும் ஒரு பிரதி, இரண்டும் அச்சு அசல். நெகட்டிவ் என்று தனியாக ஒன்று இல்லை. அதோடு மறுபிரிண்ட் வியாபாரமும் முடிந்தது. யாரும் காப்பி கேட்டு வருவதில்லை. பெரியவர் சொன்ன அந்தக் காசு நின்றுபோனது.

லிங்க்

கிளவுட் சேமிப்பு வந்த வேகத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 2006 மார்ச்சில் அமேசான் எஸ்3. 2008-இல் டிராப்பாக்ஸ். 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் வீடிரான்ஸ்ஃபர். 2012 ஏப்ரலில் கூகுள் டிரைவ். 2015 மேயில் கூகுள் போட்டோஸ். போட்டோகிராபர்களுக்கென்றே ஸ்மக்மக், பிக்ஸிசெட் மாதிரியான கேலரித் தளங்களும் உண்டு. அழகான முகப்பு, பாஸ்வேர்டு, பிடித்த படத்துக்கு இதயக் குறி. முன்பெல்லாம் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுப்பது என்றால், "டிஎஸ்சி 4521, 4530" என்று கோப்பு எண்களை நோட்டில் எழுதிக் கொடுப்போம். அந்த வேலை மிச்சம். இப்போது மண்டப வாசலில் கியூஆர் கோடு ஒட்டி, செல்ஃபி எடுத்தால் உங்கள் முகம் இருக்கிற படங்களை மட்டும் பிரித்துத் தருகிற அளவுக்கு வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இது 2016-க்குப் பிறகுதான் பரவலானது என்று பேசிய போட்டோகிராபர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். கணக்குப் பாருங்கள். 3,000 படம், தலா 10 எம்பி, மொத்தம் 30 ஜிபி. பழைய பிராட்பேண்டில் இறக்குகிற வேகத்தைவிட ஏற்றுகிற வேகம் பல மடங்கு குறைவு. அரை எம்பிபிஎஸ் என்றால் ஐந்தரை நாள், ராத்திரி பகலாக, கரண்ட் போகாமல். ஃபைபரில் 50 எம்பிபிஎஸ் கிடைத்தால் ஒன்றேகால் மணி நேரம் சொச்சம். அந்தப் பக்கம் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தபின், வாங்குகிறவரும் போனிலேயே பார்க்க முடிந்தது. துபாயில் இருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்கும், டல்லாஸில் இருக்கிற அண்ணனுக்கும் ஒரே நேரத்தில் கல்யாணம் போய்ச் சேர்ந்தது. இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் பெரியம்மா ஐந்து வருஷம் கழித்துத்தான் தன் பேத்தி கல்யாண ஆல்பத்தைப் பார்த்தார்.

ஆனால் வசதியோடு வேறொன்றும் வந்தது. எஸ்3 தொடங்கியபோது அதன் விலை ஒரு ஜிபிக்கு மாதம் 15 சென்ட். சென்ட் பெரிதில்லை, "மாதம்" என்ற சொல்லைப் பாருங்கள். அதுவரை ஒரு படத்தை வைத்திருக்க, ஒரு தடவை பெட்டி வாங்கினால் போதும். இப்போது அது வாடகை வீடு. ஒரு வருஷத்தில் நாற்பது கல்யாணம் எடுக்கிறவருக்கு 1,200 ஜிபி. அடுத்த வருஷம் அது இரட்டிப்பு. வருமானமோ அந்தந்தக் கல்யாணத்தோடு முடிந்தது. எடுத்து முடித்த கல்யாணத்துக்கு, ஆயுள் முழுக்க யார் வாடகை கட்டுவது?

அதனால் குறுக்கு வழிகள். கூகுள் கணக்கு ஒன்றுக்கு 15 ஜிபி இலவசம். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு மூன்று புதுக் கணக்கு திறந்து, படத்தை ஏற்றி, லிங்க்கை அனுப்பிவிட்டு, அந்தக் கணக்கையே மறந்துவிடுகிறவர்கள் உண்டு. 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் கணக்கில்லாமல் சேமிக்கிற சலுகை நின்றது. இரண்டு வருஷம் யாரும் தொடாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. வீடிரான்ஸ்ஃபரில் இலவசமாக அனுப்பினால் நீண்ட காலம் 7 நாள்தான் ஆயுளாக இருந்தது. இவர்கள் யாரும் ஒளித்துச் செய்யவில்லை, சொல்லித்தான் செய்கிறார்கள். நாம்தான் லிங்க்கைப் பெட்டி என்று நினைத்துக்கொண்டோம். அது வெறும் விலாசம். விலாசத்தில் குடியிருப்பவர் காலி பண்ணலாம்.

பெரிய கம்பெனி என்றால் பயமில்லை என்று சொல்ல முடியுமா? கோடாக்கே 2001-இல் ஓஃபோட்டோ என்ற இணைய ஆல்பத் தளத்தை வாங்கி, பிறகு கோடாக் கேலரி என்று நடத்தியது. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்புக் கேட்டது. அதே வருஷம் ஜூலையில் கேலரி மூடப்பட்டது. படங்கள் ஷட்டர்ஃபிளை தளத்துக்கு மாற்றப்பட்டன. நூறு வருஷத்துக்கு மேல் போட்டோ என்றாலே நினைவுக்கு வந்த கம்பெனியின் கதை இது.

சட்டத்தில் யாருடையது?

இதைத் தேடும்போது எனக்கு உண்மையிலேயே புதிதாக இருந்தது சட்டம். படம் யாருடையது என்று எந்த போட்டோகிராபரைக் கேட்டாலும், "எடுத்தவருடையது" என்பார். இந்தியாவில் அது அவ்வளவு நேர் இல்லை.

1911-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம் 1914 முதல் இங்கும் சில மாற்றங்களோடு நடப்பில் இருந்தது. அதில், எடுக்கும்போது நெகட்டிவ் யாருக்குச் சொந்தமோ அவரே படத்தின் ஆசிரியர். நம்முடைய 1957-ஆம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றியது. படம் எடுப்பவர்தான் ஆசிரியர். ஆனால் பிரிவு 17(பி) சொல்கிறது: ஒருவர் கேட்டு, அதற்குப் பணம் கொடுத்து எடுக்கப்பட்ட படமானால், வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர். அதாவது கல்யாண வீட்டுக்காரர்.

இங்கிலாந்தில் இதே மாதிரி இருந்த விதியை 1988-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றி, உரிமையை எடுத்தவருக்குக் கொடுத்தது. அமெரிக்காவிலும், எழுத்தில் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், தனியாகத் தொழில் செய்யும் போட்டோகிராபருக்குத்தான் உரிமை. பெரிய கேலரித் தளங்கள் பலவும் வட அமெரிக்காவில் உருவானவை. அதனால்தான் அவற்றில் வாட்டர்மார்க், டவுன்லோடு பூட்டு, பிரிண்ட் விற்கும் கடை எல்லாம் முன்னாலேயே நிற்கின்றன. படம் போட்டோகிராபருடையது, வாடிக்கையாளர் வாங்க வருகிறார் என்ற எண்ணத்தில் கட்டிய வீடு. நம்ம ஊரில் அதே தளத்தைப் பயன்படுத்தும்போது, சொந்தக்காரரே பாஸ்வேர்டு கேட்டு வாசலில் நிற்கிறார்.

ஆனால் இதை வைத்து நான் அந்தப் பையனிடம் சண்டை போட முடியாது. சட்டம் எனக்கு உரிமையைத் தருகிறது. எத்தனை வருஷம் கோப்பை வைத்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு அவருக்குச் சொல்லவில்லை. நாங்களும் அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. உரிமை என்னிடம், படம் எங்கேயும் இல்லை.

பெரியவர் சொன்னது

திரும்பவும் அந்த ஒரு வரிக்கு வருகிறேன். "காப்பி கேட்டு வருவாங்கல்ல தம்பி. அதுலதான் காசு."

தாகர் தகட்டிலிருந்து டிரைவ் லிங்க் வரை பார்த்தால், ஒரு படம் பத்திரமாக இருந்தது பெரும்பாலும் அதை வைத்திருந்தவருக்கு அதில் ஏதாவது கிடைத்த வரைக்கும்தான். ஸ்டூடியோவுக்கு மறுபிரிண்ட்டில் கிடைத்தது, வைத்திருந்தார்கள். அது நின்றதும் நெகட்டிவ் வெள்ளிக்குப் போனது. இன்றைய போட்டோகிராபருக்குப் பழைய படத்தில் கிடைப்பது ஒன்றுமில்லை, போவது மட்டும் மாசா மாசம். அவர் அழித்ததில் ஆச்சரியம் இல்லை, இரண்டு வருஷம் வைத்திருந்ததுதான் ஆச்சரியம். அந்தப் படத்தால் ஏதாவது கிடைக்கிற ஒரே ஆள் நான்தான். அதனால் வைத்திருக்க வேண்டியவனும் நான்தான்.

இப்போது கல்யாணம் வைத்திருக்கிறவர்கள் யாராவது கேட்டால் மூன்று விஷயம் சொல்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கும்போதே லிங்க் எத்தனை மாதம் இருக்கும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லிங்க் வந்த வாரமே முழுதாக இறக்கி, வேறு வேறு வீட்டில் இருக்கிற இரண்டு ஹார்டுடிஸ்க்கில் போடுங்கள், பத்துப் படமாவது திறந்து பாருங்கள். மூன்றாவது, மேடைக்கு வெளியே எடுத்த படங்களில் இருபதையாவது காகிதத்தில் பிரிண்ட் போடுங்கள். கோவிச்சுக்க மாட்டாதவர்களின் படங்களை.

கும்பகோணத்து நெகட்டிவைப் பெரியவரே ஸ்கேன் செய்து கொடுத்தார். ஸ்கேன் கூலி 100 ரூபாய் வாங்கிக்கொண்டார். நெகட்டிவையும் என்னிடமே கொடுத்துவிட்டார். "எனக்கப்புறம் யாரு பாக்கப் போறா, நீங்களே வச்சுக்கோங்க" என்றார்.

சாம்பார் வாளிப் படம்? அந்த ஸ்கிரீன்ஷாட்டில் ஓரங்களை வெட்டியபின் மிஞ்சியது 640-க்கு 960 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டால் இரண்டு அங்குலத்துக்கு மூன்று அங்குலம் சொச்சம் வரும். ஏறக்குறைய திஸ்தெரியின் அட்டை அளவு. அந்த அளவில் போட்டால் உடையவில்லை. ஆறு பிரதி போட்டேன். ஒன்று என் பர்ஸில் இருக்கிறது. தங்கச்சிக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. ஒவ்வொன்றின் பின்னாலும் தேதியும், கோப்பு எந்த ஹார்டுடிஸ்க்கில் இருக்கிறது என்பதும் மையால் எழுதியிருக்கிறேன்.